மேடு ஏறும் கதாபாத்திரங்களுக்கு என்ன உடுத்துவது?

கம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்துக் கற்பனை உலகக் கதாபாத்திர விளையாட்டு நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவர் அமைத்திருக்கும் உலகில் ஒரு செம்மணல் பாலை, அதை ஒட்டி மழை ஓயாத ஒரு மலைத்தொடர், மலைக்கு அப்பால் ஒரு பனிநாடு ஆகிய மூன்று நிலங்கள் இருக்கின்றன. இரும்புக் கவசம் பூண்ட வீரன், காட்டு வழி அறிந்த பெண், நெருப்பு மந்திரக்காரி, பல்லி இனத்தவன் என நான்கு பேர் அம்மூன்றையும் கடந்து போக வேண்டும். “ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக உடை வாங்கச் சொல்ல வேண்டுமா, அல்லது படத்தில் அழகாக இருந்தால் போதும் என்று விட்டுவிடலாமா? விதிப்புத்தகத்தில் குளிருக்கும் வெயிலுக்கும் ஆளுக்கொரு பத்திதான் இருக்கிறது, அண்ணா” என்று எழுதியிருக்கிறார்.

மூன்று நிலத்துக்கு மூன்று உடை தேவையில்லை. ஒரே நாளில் போடவும் கழற்றவும் உலர்த்தவும் முடிகிற ஒரு தொகுதி உடை இருந்தால் போதும். அதை நிலத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், அன்றைய நாள் நடக்கப்போகும் வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். போடிநாயக்கனூரில் பிறந்தவன் நான். என் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல், விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பியவர்.

அவர் உடுத்திப் போனதை நினைவிலிருந்து சொல்கிறேன். நூல் சேலை, அதன் மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டது, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. பையில் தூக்குச்சட்டியோடு ஒரு சாக்கு இருக்கும். அந்தச் சாக்கின் அடிமூலை ஒன்றை மற்ற மூலைக்குள் திணித்தால் தலையிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை முதுகை மூடும் கொங்காணி ஆகிவிடும். பிற்காலத்தில் சாக்கின் இடத்தைப் பிளாஸ்டிக் தாள் பிடித்துக்கொண்டது. முந்தலில் ஜீப் மலையேறத் தொடங்கும்போது சட்டையின் மேல்பொத்தான் திறந்திருக்கும். மேட்டில் மஞ்சு இறங்கி எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரியும் இடத்தில் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருக்கும், துண்டு காதையும் மூடியிருக்கும். தோட்டத்தில் அதே சட்டைக் கை ஏல இலையின் அறுப்பிலிருந்தும் பூச்சிக்கடியிலிருந்தும் காப்பாற்றும். மாலையில் இறங்கும்போது சட்டை மடியில் கிடக்கும். விடுமுறை நாள்களில் நானும் கூடப் போயிருக்கிறேன் என்பதால், இவ்வளவும் ஒரே உடைத் தொகுதிக்குள் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன்.

போடியிலிருந்து மேடு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் கூடுதல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது வானிலை நூல்களில் உள்ள பொதுக் கணக்கு. கீழே 32 டிகிரி என்றால் மேலே 25 அல்லது 26தான் இருக்க வேண்டும். இது குளிரே இல்லை. ஆனாலும் ஆனி, ஆடி மாதங்களில் மேட்டில் இறங்கி நிற்பவருக்குப் பல் கிட்டிக்கும். கேரளப் பக்கமிருந்து வரும் தென்மேற்குக் காற்றும், அது சுமந்துவரும் சாரலும், வெயிலை மறைக்கும் மஞ்சும் சேர்ந்து செய்யும் வேலை அது. அந்தக் காற்று தன் மழையையெல்லாம் மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, வறண்டு, சுழன்று, நம் தேனிப் பள்ளத்தாக்கில் வெறும் காற்றாக இறங்குகிறது. தம்பியின் உலகத்தில் பாலையும் மழைமலையும் அடுத்தடுத்து இருப்பதை யாராவது நம்ப முடியாது என்று சொன்னால் இதைச் சொல்லிவிடலாம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது விதிப்புத்தகத்துக்கு வருகிறேன். தம்பி குறிப்பிடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு. அதன் 2014ஆம் ஆண்டு நடத்துநர் கையேட்டின்படி, வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருந்தால், குளிர் உடை இல்லாதவர் ஒவ்வொரு மணி நேர முடிவிலும் பகடை உருட்டும் உடல்வலுச் சோதனையில் தேற வேண்டும். தவறினால் ஒரு படி களைப்பு ஏறும். சுமார் 38 டிகிரியும் அதற்கு மேலும் இருந்து, குடிக்க நீரும் இல்லையென்றால், அதே மாதிரியான சோதனை மணிக்கு மணி கடினமாகிக்கொண்டே போகும். கனத்த உடையோ நடுத்தர, கனரகக் கவசமோ அணிந்தவருக்கு அது இன்னும் பாதகமாக அமையும். ஆறாவது படிக் களைப்பு மரணம். விளையாட்டை வேகமாக நகர்த்துவதற்கு இவ்விதிகள் நல்லவைதாம். ஆனால் மைனஸ் 18க்கும் 38க்கும் இடையில் உள்ள அகன்ற பரப்பில் எதுவுமே நடக்காது என்று அவை எடுத்துக்கொள்கின்றன. மலையில் மனிதர்கள் விறைத்துப்போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஐந்து முதல் பத்து டிகிரி வெப்பம், விடாத மழை, திறந்த முகட்டில் காற்று, தோள்வரை நனைந்த பருத்தி உடை, நடந்து களைத்த உடல் ஆகியவை ஒன்றுசேர்ந்தால், நீர் உறையாத இடத்திலேயே ஒருவர் உடல்வெப்பம் குறைந்து இறந்துபோக முடியும்.

காரணம் எளியது. உடையில் நம்மைச் சூடாக வைத்திருப்பது நூல் இல்லை, நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நனைந்த உடையில் அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. பருத்தி நனைந்தால் தொய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டு ரோமம் அப்படி ஒட்டாது. அதன் இழைகள் இயல்பாகவே சுருண்டவை என்பதால் ஈரத்திலும் ஓரளவு காற்றைப் பிடித்துவைத்திருக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளிழுத்த பிறகும் தொட்டால் சில்லென்று இருக்காது. மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் மழைக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்ததற்கும், இரவில் அதே கம்பளியையே போர்த்திப் படுத்ததற்கும் இதுதான் அடிப்படை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு கம்பளி இருந்தது. மழையில் நனைந்த அன்று அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டால் வீடு முழுவதும் ஈர ஆட்டு வாடையும் புகை வாடையும் கலந்து நிற்கும், அது உலர இரண்டு நாள் ஆகும். விளையாட்டில் கம்பளியை எழுதும் எவரும் அதன் கதகதப்போடு இந்தக் கனத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே விதியில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் உலர்ந்தது, ஈரம், சொட்டச் சொட்ட நனைந்தது என்ற மூன்று நிலைகளைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நனைந்தவர் காற்றில் நின்றால், சாதாரணக் குளிரும் அவருக்குக் கடுங்குளிராகக் கணக்கில் வரட்டும். ரோம உடை அணிந்தவருக்கு ஒரு நிலை சலுகை கொடுங்கள். உலர வேண்டுமென்றால் நெருப்பும் கூரையும் ஓர் இரவும் தேவை என்று வையுங்கள். இதற்கு மேல் கணக்கு வேண்டாம். கூட்டினால் ஞாயிறு மாலை கணக்கிலேயே முடிந்துவிடும்.

மழைமலைக்கான உடையில் முதல் கவனம் மேல்மூடிக்கு. பிளாஸ்டிக் இல்லாத உலகம் என்பதால் ஓலையும் புல்லும்தான் கைகொடுக்கும், அவை நன்றாகவே கைகொடுக்கும். மலையாளக் கரையில் வயல் வேலையின்போது அணியும் பனையோலைத் தொப்பிக்குடை இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிடும். ஜப்பானிய உழவர்கள் வைக்கோலில் பின்னிய மினோ என்ற மழையங்கியை உடுத்தினார்கள். நீர் இழை வழியே வழிந்து ஓரத்தில் சொட்டிவிடும். ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள்ளிருந்து கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓட்ஸி என்ற மனிதனிடம்கூடப் புல்லால் பின்னிய ஒரு விரிப்பு இருந்தது. அதை மேலங்கி என்றே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவன் தோல் அங்கியும், தோல் கால்சட்டையும், கரடித்தோல் குல்லாவும் அணிந்திருந்தான். காலணிக்குள் காய்ந்த புல்லை அடைத்திருந்தான். கொஞ்சம் பணம் உள்ள கதாபாத்திரமென்றால் ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய துணியை வாங்கட்டும். அது மழையைத் தடுக்கும், ஆனால் உள்ளிருக்கும் வியர்வையையும் வெளியே விடாது. மேடேறும்போது அதைத் திறந்துவிடத் தெரியாதவர் உள்ளிருந்தே நனைவார்.

இரண்டாவது கவனம் கணுக்காலுக்கு. சோலைக்காட்டில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கமாக நெய்த துணியைப் பாதத்திலிருந்து முழங்கால்வரை இடைவெளி இல்லாமல் சுற்றிக் கட்டி, அதன் மேல் புகையிலை நீரையோ சுண்ணாம்பையோ தடவிக்கொள்வது பழைய வழி. தரையில் புரளும் நீண்ட மேலங்கி படத்துக்கு அழகு. காட்டில் அது முழங்கால்வரை சேற்றையும் அட்டையையும் இழுத்துக்கொண்டு வரும். நம்மூரில் வேட்டியை மடித்துக் கட்டுவதைப் போல, தம்பியின் உலகத்து மலைமக்கள் எல்லோருடைய உடையும் முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகக்கூடியதாக இருக்கட்டும். அயலூர்க்காரர் யார் என்பதை அந்த ஒரு செருகலே காட்டிக்கொடுத்துவிடும்.

பாலையைப் பற்றிப் பலருக்கு இருக்கும் எண்ணம், வெயில் அதிகம் என்றால் உடை குறைவு என்பது. உலர்ந்த வெயிலில் அது தலைகீழாகப் பொருந்தும். நெகேவ் பாலைவனத்தில் பெதுயின் என்ற நாடோடி மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, கறுப்பு அங்கி அணிந்தாலும் வெள்ளை அங்கி அணிந்தாலும் உடலை எட்டும் வெப்பம் ஒன்றுதான் என்று காட்டியது. கறுப்பு கூடுதலாக உறிஞ்சும் வெப்பம் தோலை அடையுமுன், தொளதொளப்பான அங்கிக்குள் நடமாடும் காற்றோடு வெளியேறிவிடுகிறது. நிறத்தைவிடத் தளர்வு முக்கியம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தலையையும் பிடரியையும் வாயையும் சுற்றும் ஒரு நீளத்துணி மணற்காற்றுக்கும், மூச்சின் ஈரத்தைக் காப்பதற்கும், காயத்துக்குக் கட்டுப்போடுவதற்கும், கிணற்றுக் கயிறு எட்டாதபோது முடிச்சுப் போடுவதற்கும் உதவும். இரவுக்கோ கட்டாயம் ரோமம் வேண்டும். மேகமும் ஈரமும் இல்லாத வானத்துக்குக் கீழே பகலின் சூடு இருட்டியதும் ஓடிவிடும். அரபுப் பாலைவனங்களில் குளிர்காலத்துக்கு ஆட்டுத்தோல் உள்வைத்த ஃபர்வா என்ற மேலங்கி வழக்கத்தில் இருப்பது இதனால்தான். பாலையில் வாங்கிய கம்பளி மழைமலையிலும் பயன்படும் என்பதால், பயணத்தின் முதல் செலவாக அதைச் செய்யச் சொல்லுங்கள்.

தாழ்நிலத்துப் புழுக்கம் வேறு வகை. அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை நெருங்கினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. அங்கே இடுப்பில் ஒரு முண்டும் தோளில் ஒரு துண்டும் போதும் என்று மேற்குக் கரை மக்கள் வாழ்ந்ததில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது.

பனிநாட்டுக்கு வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. கரிபு மானின் தோலில் இரண்டு அங்கிகள்: உள்ளங்கியின் மயிர் உடலைப் பார்த்தும், வெளியங்கியின் மயிர் வெளியைப் பார்த்தும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும். முகத்தைச் சுற்றிய முக்காட்டு விளிம்புக்கு, மூச்சு உறைந்து ஒட்டினாலும் தட்டினால் உதிர்ந்துவிடும் வால்வரின் என்ற விலங்கின் மயிர். நரம்பு நூலால் தைத்த தையல், நனைந்ததும் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். நார்வே நாட்டுத் துருவப் பயணி ரோல்டு அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை நெட்சிலிக் இனுவிட் மக்களுக்கு அருகில் தங்கி இந்த உடைக்கலையைக் கற்றார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்த அவருடைய குழு அத்தகைய மயிர்த்தோல் உடைகளைப் பயன்படுத்தியது. கடுங்குளிரில் வியர்ப்பது ஆபத்து என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். வேலை செய்யும்போது உடையைத் தளர்த்திச் சூட்டை வெளியே விடுவார்கள். திபெத்தியர்களின் சுபா அங்கியில் இதே அறிவு வேறு வடிவில் இருக்கிறது. வெயில் ஏறியதும் வலக்கையை வெளியே எடுத்து, அங்கியின் அந்தக் கைப்பகுதியை இடுப்பில் தொங்கவிடுவார்கள். நிழல் விழுந்ததும் மறுபடி போட்டுக்கொள்வார்கள். விளையாடுபவர் “நான் ஒரு கையைக் கழற்றிக்கொள்கிறேன்” என்று சொல்லும் அந்தச் சிறு செயலுக்கு நடத்துநர் ஏதாவது பலன் கொடுத்தால், மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கவசம்தான் கடினமான பகுதி. முழு இரும்புத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ வரை இருக்கும், அந்த எடை உடல் முழுவதும் பரவியிருப்பதால் நடக்கவும் ஏறவும் முடியும். சிக்கல் எடையைவிட அதன் அடியில் அணியும் பஞ்சு அடைத்த உள்ளங்கியில் இருக்கிறது: வெயிலில் அது வியர்வையை வெளியேற விடாது, மழையில் அதுவே நீரைக் குடித்துக் கனத்து உலராமல் கிடக்கும். வெப்பநாட்டுப் போர்வீரர்கள் இதற்கு வேறு வழிகள் கண்டார்கள். கேரளத்துக் களரி வீரர்கள் இறுக்கிக் கட்டிய கச்சையும் வாளும் கேடயமுமாக, பெரும்பாலும் வெற்றுடம்போடு, விலகும் வேகத்தையே கவசமாக நம்பிப் போரிட்டார்கள். மைசூரில் திப்பு சுல்தான் காலத்துப் பஞ்சு வைத்துத் தைத்த போருடைகள் இன்றும் பிரிட்டனின் சேகரிப்புகளில் இருக்கின்றன. எனவே அந்த வீரன் பாலையில் மார்புத் தகட்டையும் தலைக்கவசத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, அதன் மேல் வெளிர்நிறத் துணி அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு போகட்டும். இரும்பின் மேல் வெயில் நேரடியாக விழாது. மீதிக் கவசம் கழுதை மேல் வரட்டும். பதுங்கித் தாக்குபவர்கள் வரும்போது அவனிடம் கைத்தகடு இல்லையே என்ற பதற்றம் விளையாட்டுக்கு நல்லது.

மனிதர் அல்லாதவர்களிடம் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பல்லி இனத்தவன் உண்மையிலேயே பல்லியின் உடலியல்பு கொண்டவனென்றால், அவனுக்கு எத்தனை கம்பளி போர்த்தினாலும் சூடு வராது. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உடல் உண்டாக்கும் வெப்பத்தைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது. அவனுக்குத் தேவை நெருப்பில் சுட்டுத் துணியில் சுற்றிய கற்கள், அல்லது காஷ்மீரத்தார் ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி போன்ற கனல்சட்டி. அந்தச் சூட்டைக் காக்கத்தான் கம்பளி. காலைவேளையில் அவனை வெயிலில் ஒரு மணி நேரம் உட்காரவைக்காமல் பயணம் கிளம்ப முடியாது. சிற்றுடல் கொண்ட இனத்தவர் எடைக்கு மீறிய தோல்பரப்பு உடையவர்கள் என்பதால் மற்றவர்களைவிட விரைவில் குளிர்வார்கள்.

மந்திரம் இதையெல்லாம் இல்லாமல் செய்துவிடாதா என்று தம்பியின் நண்பர் ஒருவர் கேட்டாராம். செய்யட்டும், ஆனால் கணக்கோடு செய்யட்டும். நெருப்பு மந்திரக்காரி ஒரே மூச்சில் நான்கு பேருடைய உடையையும் உலர்த்தினால், அன்றிரவு ஓநாய்கள் வரும்போது அவளிடம் அந்த மந்திரம் மீதியிருக்காது. அந்தத் தேர்வை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. நிலத்தையும் பருவத்தையும் தொழிலையும் உணவையும் ஒரே கட்டாகப் பார்க்கும் ஐந்திணை மரபு நம்முடையது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார், பாலைக்கு வேனில் என்று பொழுதையும் நிலத்தையும் இணைத்து வைத்திருக்கிறார்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலையாகும் என்றும் சொன்னார்கள். அந்தக் கட்டில் உடையையும் சேர்த்துப் பாருங்கள். ஆடு மேயும் நிலத்தில் கம்பளி மலிவு, பருத்தி விளையும் நிலத்தில் துணி மலிவு, இரண்டும் சந்திக்கும் கணவாயின் அடிவாரத்தில் சந்தை. போடியில் ஏலக்காய் ஏலம் விடும் நாளில் கூடும் கூட்டத்தைப் பார்த்த எவரும் அந்தச் சந்தையை எளிதாக எழுதிவிடலாம். கதாபாத்திரங்கள் அங்கே இறங்கும்போது என்ன விற்கிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்பதிலேயே அடுத்த மூன்று அமர்வுகளின் போக்கு தீர்மானமாகும்.

ஆகவே அந்த நால்வரையும் பாலையின் ஓரத்திலிருந்து கிளப்பும்போது ஆளுக்கொரு தளர்ந்த பருத்தி அங்கி, ஒரு நீளத் தலைத்துணி, ஒரு கம்பளி, கணுக்கால் சுற்றுத்துணி ஆகியவற்றைக் கொடுங்கள். ஓலைமூடியை அடிவாரச் சந்தையில் வாங்கட்டும். மயிர்த்தோல் உடையைப் பனிநாட்டு எல்லையில், அங்குள்ள தையற்காரிகளிடம் அளவெடுத்துத் தைத்துக்கொள்ளட்டும், அதற்காக நான்கைந்து நாள் காத்திருக்கவும் நேரட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, எண்ணெய்த்துணியில் சுற்றிய ஓர் உலர்ந்த மாற்றுடையை யார் பொதியில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் அம்மாவின் பையில் தூக்குச்சட்டிக்கும் அடியில் அப்படி ஒரு சேலை எப்போதும் இருந்தது. எவ்வளவு நனைந்தாலும் மழை நடுவே அதைத் தொடமாட்டார். மாலையில் வேலை முடிந்து, கூரைக்குக் கீழே வந்து, ஜீப் கிளம்பப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அதை வெளியே எடுப்பார்.